கதிர்வீச்சால் சிதைந்த எஃகை எக்ஸ் கதிரால் ஆராய்வது எப்படி: ஆய்வகத்துக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

அணு உலையின் உள்ளே இருக்கும் எஃகு வெப்பத்தையும் தகைவையும் தாங்கினால் மட்டும் போதாது. நாள் முழுவதும், ஆண்டுக்கணக்கில், நியூட்ரான்களின் அடியையும் வாங்கிக்கொள்ள வேண்டும். வேக நியூட்ரான் ஒன்று இரும்பு அணுவில் மோதும்போது அந்த அணு தன் இடத்திலிருந்து பெயர்ந்து, பக்கத்தில் இருப்பவற்றையும் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுகிறது. இந்தக் கலவரத்தை எண்ணிக் கணக்கிட 1975-இல் நார்கெட், ராபின்சன், டோரன்ஸ் ஆகிய மூவர் வகுத்த சூத்திரத்தையே இன்றும் பயன்படுத்துகிறோம். அடிபட்ட அணுவுக்கு 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட் சேத ஆற்றல் கிடைத்தது என்றும், இரும்பு அணுவைப் பெயர்க்க 40 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும் என்றும் கொண்டால், அந்த ஒரே மோதலில் 200 அணுக்கள் இடம்பெயர்வதாக அது சொல்லும். இவற்றில் பெரும்பாலானவை நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் ஏதேனும் ஒரு காலி இடத்தில் போய் அமர்ந்துவிடுகின்றன. அமராமல் எஞ்சியவையே காலியிடக் குறைகளாகவும் இடைச்செருகல் அணுக்களாகவும் நின்று, பின்னர் ஒன்றுசேர்ந்து வளையங்களாகவும் நுண்வெற்றிடங்களாகவும் வளர்ந்து, எஃகைக் கடினமாக்கி, உப்பவைத்து, நொறுங்கும் தன்மையைக் கொடுக்கின்றன.

இந்தக் குறைகளை எக்ஸ் கதிர் விளிம்பு விளைவைக் கொண்டு, அதாவது ஆய்வகத்தில் எல்லோரும் எக்ஸ்ஆர்டி என்று சொல்லும் முறையைக் கொண்டு, எப்படி அளப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். முதுகலை இயற்பியலோ பொருளறிவியலோ முடித்து, பிராக் விதியை அறிந்து, கருவியின் முன் முதன்முறையாக உட்காரப்போகிறவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு டி9 என்ற எஃகை வைத்துக்கொள்வோம். 15 விழுக்காடு குரோமியம், 15 விழுக்காடு நிக்கல், சிறிதளவு டைட்டானியம் கொண்ட இது, நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தின் நெருங்கிய உறவு. கல்பாக்கத்தின் முன்மாதிரி வேக ஈனுலையில் எரிபொருள் உறைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் இதுவே.

முதல் படி: கேள்வியைச் சுருக்குங்கள்

"கதிர்வீச்சு என்ன செய்தது" என்பது அளக்கத்தக்க கேள்வி அல்ல. அணிக்கோவை மாறிலி (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அணு அடுக்கின் அலகு நீளம்) எவ்வளவு மாறியது, டிஸ்லொகேஷன் (அணுத் தளங்களின் அடுக்கில் ஓடும் கோட்டுக் குறை) அடர்த்தி கூடியதா, புதிய படிக நிலை ஏதேனும் தோன்றியதா என்பவை அளக்கத்தக்கவை. முதலாவதற்கு, பதிவாகும் வரைபடத்தில் எழும் முகட்டின் இடமும், இரண்டாவதற்கு முகட்டின் அகலமும், மூன்றாவதற்குப் புதிய முகடுகளும் விடை சொல்லும். வெற்றிடங்களின் அளவும் எண்ணிக்கையும் வேண்டுமென்றால் சிறுகோணச் சிதறலுக்கோ எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கோ போக வேண்டும். எக்ஸ்ஆர்டி அதற்குச் சரியான கருவி அல்ல.

இரண்டாம் படி: சேதம் எந்த ஆழத்தில் இருக்கிறது, கதிர் எந்த ஆழத்தைப் பார்க்கிறது

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். என் அனுபவத்தில் தவறாகப் போகும் அளவீடுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தவறிப்போகின்றன.

உலையில் நியூட்ரானால் சிதைந்த மாதிரி கதிரியக்கம் உடையது. புதியவர் கையில் அதைக் கொடுக்க மாட்டார்கள். எனவே தொடக்கத்தில் அயனி முடுக்கியால் சிதைத்த மாதிரியையே கையாள்வீர்கள். கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இருப்பதுபோன்ற 1.7 மெகாவோல்ட் இருநிலை முடுக்கி, இரட்டை மின்னேற்றம் கொண்ட நிக்கல் அயனிக்கு ஏறத்தாழ 5 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலைத் தரும். அணு ஒவ்வொன்றும் சராசரியாக ஒருமுறை இடம்பெயர்ந்திருந்தால் அதை ஒரு டிபிஏ என்கிறோம். உலையில் மாதங்களும் ஆண்டுகளும் எடுக்கும் டிபிஏ அளவை முடுக்கி சில மணி நேரத்தில் தந்துவிடும். ஆனால் இந்த அயனிகள் எஃகுக்குள் ஒன்றரை மைக்ரோமீட்டர் அளவிலேயே நின்றுவிடுகின்றன. அதற்குக் கீழே இருப்பது அடியே படாத எஃகு.

இனி எக்ஸ் கதிரின் பக்கம் வருவோம். பெரும்பாலான ஆய்வகங்களில் செம்புக் குழாய்தான் இருக்கும். அதன் கே-ஆல்பா கதிரின் ஆற்றல் 8.05 கிலோ எலக்ட்ரான் வோல்ட். இரும்பின் கே உட்கவர் விளிம்பு, அதாவது உட்கவர்தல் திடீரென எகிறும் ஆற்றல், 7.11-இல் இருப்பதால் இரும்பு இந்தக் கதிரை ஆவலோடு விழுங்கி, தன் சொந்த ஒளிர்வைத் திருப்பி உமிழ்கிறது. பின்னணி மேடுபோல உயர்ந்து சிறு முகடுகளை மூழ்கடித்துவிடும். 6.93 கிலோ எலக்ட்ரான் வோல்ட் தரும் கோபால்ட் குழாய் அந்த விளிம்புக்குக் கீழே இருப்பதால் எஃகுக்கு அதுவே உகந்தது. கோபால்ட் கதிர் தூய இரும்பில் ஏறத்தாழ 22 மைக்ரோமீட்டர் தூரம் சென்ற பிறகே மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. டி9 போன்ற எஃகில் குரோமியம் அதை உட்கவர்வதால் இந்தத் தூரம் 12 மைக்ரோமீட்டர் அளவுக்குச் சுருங்கும்.

இந்த 12 என்ற எண்ணை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டி9-இன் படிக நிலையான ஆஸ்டெனைட்டின் 111 தளத்தின் முகடு கோபால்ட் கதிரில் ஏறத்தாழ 51 பாகையில் தோன்றும். வழக்கமான சமச்சீர் அமைப்பில் கதிர் 25.5 பாகையில் உள்ளே போய் அதே கோணத்தில் வெளியே வருகிறது. உள்ளே போகும் பாதையையும் வெளியே வரும் பாதையையும் சேர்த்துக் கணக்கிட்டால் செயல்படும் ஆழம் 2.6 மைக்ரோமீட்டர். சேதமடைந்த அடுக்கின் தடிமன் 1.4 மைக்ரோமீட்டர் என்றால், நீங்கள் பதிவுசெய்யும் குறிகையில் 40 விழுக்காடு மட்டுமே அந்த அடுக்கிலிருந்து வருகிறது. மீதி 60 விழுக்காடு கீழே இருக்கும் நல்ல எஃகு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் முகட்டைப் பார்த்து அகலம் கூடியது என்று எழுதினால் அது பாதி உண்மைதான்.

இப்போது மாதிரியின் பரப்போடு 3 பாகை மட்டும் சாய்ந்து கதிர் நுழையும்படி வைத்து, உணர்கருவியை மட்டும் சுழற்றுங்கள். செயல்படும் ஆழம் 0.6 மைக்ரோமீட்டருக்குக் குறைந்து, குறிகையில் 90 விழுக்காடு சேத அடுக்கிலிருந்தே வரும். சாய்கோண எக்ஸ்ஆர்டி என்பது இதுதான். 1 பாகை, 3 பாகை, 5 பாகை எனச் சில கோணங்களில் எடுத்தால் ஆழத்தோடு சேதம் எப்படி மாறுகிறது என்பதற்கும் ஒரு தோராயம் கிடைக்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு. 0.1 மில்லிமீட்டர் அகலக் கற்றை 1 பாகைச் சாய்வில் மாதிரியின்மேல் 5.7 மில்லிமீட்டர் நீளத்துக்கு விரிந்துவிடும். அயனி பட்ட பகுதியே 5 மில்லிமீட்டர்தான் என்றால் கற்றை அதற்கு வெளியேயும் விழும். ஆகவே முடுக்கியில் மாதிரியை ஏற்றும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டு, எவ்வளவு பரப்பில் அயனி விழ வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

மூன்றாம் படி: மாதிரியைத் தயாரித்தல்

டி9 உறை உலையில் 20 விழுக்காடு குளிர்வேலை செய்யப்பட்ட (சூடாக்காமல் உருமாற்றப்பட்ட) நிலையில்தான் பயன்படுகிறது; அதாவது உலைக்குள் போகும் முன்பே டிஸ்லொகேஷன்கள் நிறைந்தது. அதன்மேல் கதிர்வீச்சு சேர்க்கும் அகலத்தைத் தேடுவது சந்தை இரைச்சலில் ஒரு குரலைத் தேடுவது போன்றது. போதாக்குறைக்கு, உயர் வெப்பநிலைக் கதிர்வீச்சில் பழைய டிஸ்லொகேஷன்கள் சில கரைந்து அகலம் குறையவும் கூடும். முதல் பயிற்சிக்குக் கரைசல் வெப்பநிலையில் பதப்படுத்திய, உள்திரிபு அற்ற மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மெருகேற்றம். நான் இந்தத் துறைக்கு வந்த புதிதில் ஒரு மாதிரியை உப்புத்தாளில் தேய்த்து, வைரப் பசையில் கண்ணாடிபோல் பளபளக்கச் செய்து முடுக்கிக்கு அனுப்பினேன். திரும்பி வந்ததும் முகடுகள் அழகாக அகன்றிருந்தன. ஒரு வாரம் அந்த வரைபடத்தை எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தேன். ஆய்வகத்தில் மூத்தவர் ஒருவர், "கவ்வி மறைத்த ஓரத்தையும் எடுத்துப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். அயனியே படாத அந்த ஓரத்திலும் அதே அகலம் இருந்தது. நான் அளந்தது கதிர்வீச்சை அல்ல, உப்புத்தாளை. இயந்திர மெருகு பரப்பிலிருந்து பல மைக்ரோமீட்டர் ஆழத்துக்குப் படிகத்தைக் கசக்கிவிடுகிறது. நாம் பார்க்கப்போகும் அடுக்கோ ஒன்றரை மைக்ரோமீட்டர்தான்.

ஆகவே கடைசியில் மின்வேதி மெருகேற்றம் செய்து, கசங்கிய அடுக்கு முழுவதையும் கரைத்தெடுப்பது கட்டாயம். ஆல்கஹாலில் பெர்குளோரிக் அமிலம் சேர்த்த கரைசலைக் குளிர்நிலையில் பயன்படுத்துவது வழக்கம். இந்தக் கலவை சூடானாலோ உலர்ந்துபோனாலோ வெடிக்கும் இயல்பு உடையது. புகைவாங்கிக்குள், பழகியவர் உடனிருக்க மட்டுமே செய்யுங்கள். பிறகு மாதிரியின் பாதியை மெல்லிய உலோகத் தகட்டால் மூடி முடுக்கிக்கு அனுப்புங்கள். ஒரே மாதிரியில், ஒரே மெருகில், ஒரே வெப்பத்தில் இருந்து அயனி மட்டும் படாத அந்தப் பாதியைவிட நல்ல ஒப்பீட்டு மாதிரி வேறு கிடைக்காது.

நான்காம் படி: கதிர்வீச்சு விவரங்களைக் குறித்துவைத்தல்

அயனியின் வகை, ஆற்றல், மொத்தப் பாய்வு, மாதிரியின் வெப்பநிலை, நொடிக்கு எவ்வளவு டிபிஏ என்பவை குறிப்பேட்டில் இருக்க வேண்டும். டிபிஏ கணக்குக்கு ஸ்ரிம் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினால், எந்தக் கணக்கீட்டு முறை, எந்தப் பெயர்ச்சி ஆற்றல் என்பதையும் எழுதுங்கள். இரண்டு முறைகள் ஒரே அயனிக்கு வெவ்வேறு டிபிஏ தருவது உண்டு. முடுக்கி உலையைவிடப் பன்மடங்கு வேகமாகச் சேதப்படுத்துவதால், உலையில் ஒரு வெப்பநிலையில் நடப்பது முடுக்கியில் அதைவிட உயர்ந்த வெப்பநிலையிலேயே நடக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: அளவீடு

முதலில் லாந்தனம் ஹெக்ஸாபோரைடு என்ற திட்டப்பொடியை ஏற்றி ஒரு முழுப்பதிவு எடுங்கள். அதில் தெரியும் அகலம் கருவியின் சொந்த அகலம். மாதிரியில் எடுக்கும் அகலத்திலிருந்து இதை நீக்கிய பிறகே மாதிரியைப் பற்றிப் பேச முடியும். மாதிரியை எந்த அமைப்பில், எந்தப் பிளவுகளோடு எடுக்கப்போகிறீர்களோ, திட்டப்பொடியையும் அதே அமைப்பில் எடுக்க வேண்டும்.

அடுத்தது உயரம். அணிக்கோவை மாறிலி ஆயிரத்தில் ஒரு பங்கு கூடியது என்றால், 51 பாகையில் இருக்கும் முகடு 0.055 பாகை அளவு கீழே இறங்கும். நாம் தேடும் மாற்றம் இவ்வளவுதான். இப்போது சமச்சீர் அமைப்பில், 240 மில்லிமீட்டர் ஆரம் கொண்ட கருவியில், மாதிரி தன் சரியான உயரத்திலிருந்து 0.13 மில்லிமீட்டர் தாழ்ந்து உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதனால் முகடு நகரும் அளவு 0.056 பாகை, அதுவும் கீழ்நோக்கியே. ஒரு விசிட்டிங் கார்டின் பாதித் தடிமன் அளவு பிழை, நீங்கள் தேடிவந்த விளைவை அச்சு அசலாக நடித்துக் காட்டிவிடும். இணைகற்றைக் கண்ணாடி உள்ள கருவியில் சாய்கோணத்தில் எடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கும். அந்த வசதி இல்லையென்றால் மூடிய பாதியையும் திறந்த பாதியையும் மாதிரியைக் கழற்றாமல் மேடையை நகர்த்தியே எடுங்கள்; ஒரு முகட்டை மட்டும் நம்பாமல், உயர்கோண முகடுகளையும் சேர்த்துப் பொருத்துங்கள்.

எக்ஸ் கதிரே மாதிரியைச் சிதைக்காதா என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் கேட்பார்கள். உலோகத்தில் அந்தக் கவலை வேண்டாம். இந்த ஆற்றலுள்ள ஃபோட்டான் விடுவிக்கும் எலக்ட்ரானுக்கு இரும்பு அணுவை இடம்பெயர்க்கும் வலு இல்லை. அதற்கு நூற்றுக்கணக்கான கிலோ எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். கண்ணாடி, ஆக்சைடு போன்ற மின்கடத்தாப் பொருள்களில்தான், குறிப்பாக சிங்க்ரோட்ரான் என்ற பெரிய வட்ட முடுக்கி தரும் செறிவான கற்றையில், எச்சரிக்கை தேவை.

ஆறாம் படி: பகுப்பாய்வு

பின்னணியை நீக்கி, முகடுகளைப் பொருத்தி, இடத்தையும் அகலத்தையும் எடுக்க ஜிசாஸ்-2, ஃபுல்ப்ராஃப் போன்ற இலவச மென்பொருள்களே போதும். அகலத்தைப் பிரித்தறிய 1953-இல் வில்லியம்சனும் ஹாலும் தந்த வரைபடத்தில் தொடங்குங்கள்: முகட்டின் அகலத்தை பிராக் கோணத்தின் கொசைனால் பெருக்கி, அதே கோணத்தின் சைனுக்கு எதிராக வரைந்தால், கோட்டின் சரிவு நுண்திரிபையும் வெட்டுத்துண்டு படிகத் துணுக்கின் அளவையும் சொல்லும்.

ஆஸ்டெனைட்டில் வரைந்து பார்த்தால் புள்ளிகள் நேர்கோட்டில் அமையாது. 200 முகடு 111 முகட்டைவிடக் கூடுதலாக அகன்று கோட்டுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். இது உங்கள் பிழை அல்ல. இந்தப் படிகம் திசைக்குத் திசை வேறு விறைப்பு உடையது. ஆதலால் டிஸ்லொகேஷன் ஏற்படுத்தும் திரிபும் தளத்துக்குத் தளம் வேறாகத் தெரிகிறது. 1996-இல் உங்காரும் போர்பெயியும் முன்வைத்த திருத்திய முறை இதைக் கணக்கில் எடுத்துப் புள்ளிகளை ஒரு கோட்டுக்குக் கொண்டுவருகிறது. அந்தச் சிதறல் வந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். அகலத்துக்குக் காரணம் டிஸ்லொகேஷன்தான், வெறும் துணுக்களவு அல்ல என்பதற்கு அதுவே சாட்சி.

ஏழாம் படி: எண்ணுக்குப் பொருள் சொல்லுதல்

1967-இல் காதார்ன், ஃபுல்டன் என்ற இருவர் ஸ்காட்லாந்தின் டவுன்ரே வேக உலையில் இருந்த துருப்பிடிக்காத எஃகில் நுண்வெற்றிடங்களைக் கண்டதாக அறிவித்த நாளிலிருந்து, எஃகு உப்புவதுதான் உலைப் பொறியாளர்களின் பெருங்கவலை. ஆகவே அணிக்கோவை மாறிலி கூடவில்லை என்று கண்டதும் எஃகு உப்பவில்லை என்று எழுதக் கை துறுதுறுக்கும். அது தவறு.

தனித்த இடைச்செருகல் அணு அணிக்கோவையை விரிக்கும். தனித்த காலியிடம் சற்றே சுருக்கும். ஆனால் காலியிடங்கள் ஒன்றுகூடி வெற்றிடமாகிவிட்டால், அவற்றைச் சுற்றியுள்ள படிகம் ஏறத்தாழ இயல்பான இடைவெளிக்கே திரும்பிவிடுகிறது. அந்த இடங்களைக் காலி செய்த அணுக்கள் வேறெங்கோ புதிய தளங்களாக அடுக்கப்பட்டுவிட்டதால் பொருளின் கன அளவு கூடியிருக்கும், முகடோ அசைந்திருக்காது. சிம்மன்ஸும் பலூஃபியும் 1960-இல் அலுமினியத்தைச் சூடாக்கி, கம்பியின் நீளத்தையும் அணிக்கோவை மாறிலியையும் ஒரே நேரத்தில் அளந்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து காலியிடங்களின் செறிவைக் கணக்கிட்டது இந்த இடைவெளியைப் பயன்படுத்தித்தான். உங்களுக்கும் உப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தால், எக்ஸ்ஆர்டியோடு அடர்த்தி அளவீட்டையோ எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தையோ சேர்த்தே சொல்லுங்கள்.

அயனி மாதிரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேலடுக்கு விரிய நினைத்தாலும் கீழே இருக்கும் தடித்த எஃகு பக்கவாட்டில் விடாது. எனவே விரிவு முழுவதும் செங்குத்துத் திசையில் பிதுங்குகிறது. பாய்சான் விகிதம் 0.3 எனக் கொண்டால், செங்குத்தில் நீங்கள் காணும் திரிபு தளையற்ற நிலையில் இருந்திருக்க வேண்டியதைப்போல் 1.86 மடங்கு. உலைத் தரவோடு ஒப்பிடும் முன், மாதிரியைப் பல சாய்வுகளில் அளந்து தகைவைத் தனியே பிரித்தெடுங்கள்.

எட்டாம் படி: சிங்க்ரோட்ரானுக்குப் போகும்போது

ஆய்வகக் கருவியால் முடிந்தவரை செய்துவிட்டு, அதனால் முடியாத ஒன்று எஞ்சினால் மட்டுமே சிங்க்ரோட்ரான் நேரத்துக்கு விண்ணப்பியுங்கள். நம் நாட்டில் இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா மையத்தில் 2.5 கிகா எலக்ட்ரான் வோல்ட் இண்டஸ்-2 இருக்கிறது. எக்ஸ்ஆர்டிக்கும், குறிப்பிட்ட தனிமத்தைச் சுற்றியுள்ள அண்டை அணுக்களை அறியும் உட்கவர் நிறமாலைக்கும் அங்கே தனித்தனிக் கற்றைவரிசைகள் உண்டு. ஆக்சைடுத் துகள் பரப்பிய எஃகில் இட்ரியத்தின் சூழல் கதிர்வீச்சுக்குப் பின் எப்படி மாறுகிறது என்பது போன்ற கேள்விகளுக்கு இரண்டாவது வழியே சிறந்தது. அந்த நுண்துகள்களில் முகடு கொடுக்கும் அளவுக்குப் படிகமே இருக்காது.

உலையில் சிதைந்த மாதிரிக்குக் கணக்கு வேறு. நியூட்ரான் சேதம் மில்லிமீட்டர் தடிமன் முழுவதும் பரவியிருப்பதால் சாய்கோணம் தேவையில்லை. 80 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர் இரும்பில் 2 மில்லிமீட்டர் அளவு ஊடுருவும். மெல்லிய சீவலை அப்படியே ஊடுகதிர் அமைப்பில் எடுக்கலாம். இத்தகைய கதிரியக்க மாதிரிகளுக்கென்றே பிரான்சின் சோலே சிங்க்ரோட்ரானில் மார்ஸ் என்ற கற்றைவரிசையும், கிரெனோபிளில் உள்ள ஐரோப்பிய சிங்க்ரோட்ரானில் ராசன்டார்ஃப் கற்றைவரிசையும் இயங்குகின்றன.

ஆய்வகக் கருவியில் இத்தகைய மாதிரியை வைத்தால் மாதிரியே ஒரு கதிர்மூலம் என்பதை உணர்வீர்கள். எஃகில் உருவாகும் இரும்பு-55 தானாகவே 5.9 கிலோ எலக்ட்ரான் வோல்ட் எக்ஸ் கதிரை உமிழ்கிறது. கோபால்ட் குழாயின் 6.93-லிருந்து அதைப் பிரிக்க நல்ல ஆற்றல் பகுப்புள்ள உணர்கருவி வேண்டும். கோபால்ட்-60 உமிழும் 1.17, 1.33 மெகா எலக்ட்ரான் வோல்ட் காமா கதிர்களை அப்படி வடிகட்டிவிட முடியாது. பின்னணி உயர்ந்தே தீரும். இதற்கு எளிய மருந்து மாதிரியைச் சிறிதாக்குவது. ஒரு கன மில்லிமீட்டருக்கும் குறைவான துணுக்கு முகடுகளுக்குப் போதும். கதிரியக்கமும் அதே விகிதத்தில் குறையும். அதைக் காப்டான் என்ற பாலிமர்ப் படலத்துக்குள் இரண்டு உறையாக மூடி, வெறும் உறையை மட்டும் தனியே ஒருமுறை பதிவுசெய்துகொள்ளுங்கள். தாழ்கோணத்தில் காப்டான் தரும் அகன்ற மேட்டை, எஃகு உருக்குலைந்துவிட்டதன் அடையாளம் என்று எண்ணிக் குழம்பியவர்கள் இருக்கிறார்கள்.